பெட்டி வந்த மறுநாள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். பள்ளிக்கூடம், வங்கி, மில், கடை, ஆஸ்பத்திரி என்று எங்காவது நாலு பேருக்குப் பொறுப்பாக இருக்கிறவர்கள் மட்டும் கட்டாயம் படித்துவிடுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். 2006-07இல் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நல்ல பொறுப்பில் இருக்கிறான். "பேர் போட்டுராதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை.

விஷயம் இதுதான். மில்லில் மெஷின் நின்றுபோனால் எந்த மெஷின், எத்தனை மணிக்கு நின்றது, என்ன கோளாறு, யார் சரி செய்தார், எத்தனை மணிக்கு ஓடியது என்று நோட்டில் எழுதி வைப்பார்களாம். அந்த நோட்டுக்குப் பதிலாக நிர்வாகம் புதிய மென்பொருள் வாங்கி, ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு டேப்லெட் கொடுத்திருக்கிறது. பல லட்சம் செலவு. கேக் வெட்டி, போட்டோ எடுத்துத் தொடங்கினார்களாம். அந்த வேலையை நடத்திக் காட்டும் பொறுப்பு நம்ம பையனுக்கு.

"ஆறு மாசம் ஆச்சு டீச்சர். எல்லாரும் இன்னும் நோட்டுலதான் எழுதுறாங்க. ஷிப்ட் முடிஞ்சதும் ஒரு பையன் உக்காந்து நோட்டைப் பார்த்து டேப்ல ஏத்துறான். மேல இருக்கிறவங்க கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு எல்லாம் நல்லா நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இந்த ஆளுங்களுக்குப் புதுசா எதையும் கத்துக்க மனசே இல்ல. நீங்க எங்களையெல்லாம் எப்படி டீச்சர் கத்துக்க வச்சீங்க?"

கடைசிக் கேள்வி என்னைப் பாராட்டுவதற்காகக் கேட்டது. ஆனால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அவன் எட்டாம் வகுப்பு படித்த அதே வருடம் நான் செய்த ஒரு காரியம்.

இப்போது அதைச் சொல்லிவிடுகிறேன்.

2006 ஜூனில் நம் பள்ளிக்கு மூன்று கணினிகள் வந்தன. அப்போது தலைமையாசிரியர் பணியிடம் காலி. நான் இடைநிலை ஆசிரியர். சீனியர் என்பதால் என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். மூன்று பெரிய அட்டைப்பெட்டிகள், மேசைகள், பேட்டரி எல்லாம் ஒரு வேனில் வந்து இறங்கின. கொண்டு வந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் மாட்டிக் காண்பித்துவிட்டு, என்னிடம் நாலு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் முதலில் செய்த வேலை, இருப்புப் பதிவேட்டில் வரவு வைத்தது. இரண்டாவது, திண்டுக்கல்லில் நல்ல பூட்டாக ஒன்று வாங்கி அந்த அறையைப் பூட்டியது.

ஏன் பூட்டினேன்? கணினி மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து. ஒரு கணினி காணாமல் போனாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான். பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது மூன்றும் மூன்றாக இருக்க வேண்டும். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா என்று கேட்க எந்தப் பதிவேடும் இல்லை. பொருள் இருக்கிறதா என்று கேட்க இருந்தது. எந்தக் கேள்வி கேட்கப்படுமோ அதற்கு மட்டும் தயாராக இருந்தேன். அவ்வளவுதான்.

கூடவே இன்னொரு காரணமும் உண்டு. எனக்கும் அதைத் தொடத் தெரியாது. பிள்ளைகள் முன்னால் தெரியாமல் நிற்பதற்கு வெட்கம். 22 வருடம் பாடம் நடத்தியவள், ஒரு பொத்தானை அழுத்தத் தெரியாமல் நிற்பதா என்று.

பதினான்கு மாதம் அந்த அறை பூட்டியே இருந்தது. பிறகு மாறுதலில் ஓர் இளம் ஆசிரியர் வந்தார். "டீச்சர், ஏதாவது உடைஞ்சா நான் உடைச்சேன்னு எழுதிக் கொடுத்துடறேன். சாவியைக் கொடுங்க" என்றார். திறந்து பார்த்தால் ஒரு கணினிதான் வேலை செய்தது. மற்ற இரண்டின் ஒயரையும் எலி கடித்திருந்தது. பேட்டரி மாதக்கணக்கில் சும்மா கிடந்தே செத்துப் போயிருந்தது. பத்திரமாக வைத்துத்தான் அவற்றைக் கெடுத்தேன்.

இதைப் போனில் சொன்னேன். அவன் சிரித்தான். "தெரியும் டீச்சர். நாங்க மதியம் சாப்பிட்டு வந்து ஜன்னல் வழியா எட்டிப் பார்ப்போம். உள்ள துணி போட்டு மூடியிருக்கும். யார் முதல்ல தொடுறதுன்னு பந்தயம் கட்டி வச்சிருந்தோம்."

பந்தயத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. அந்த வருட எட்டாம் வகுப்பு ஒரு கணினியையும் தொடாமலே ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டது. 2006-07 பிள்ளைகளே, இதை யாராவது படித்தால், உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை வருடம் தள்ளிப் போட்டதற்கும் சேர்த்து.

சரி, என் கதை இருக்கட்டும். இதிலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நம் ஊரில் நிறுவனங்கள் எல்லாம் பெட்டி வரும் நாளை நன்றாகத் திட்டமிடுகின்றன. டெண்டர், விலை, தேதி, விழா, போட்டோ எல்லாம் கச்சிதமாக நடக்கும். பெட்டி வந்த மறுநாளைத்தான் யாரும் திட்டமிடுவதில்லை. மறுநாள் காலை அதை யார் திறப்பார், எதை விட்டுவிட்டு அதைச் செய்வார், தப்பு செய்தால் என்ன ஆகும், கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவார், இந்த நான்குக்கும் பதில் இல்லாமல் வருகிற எந்தப் புதுமையும் என் மூன்று கணினிகள் மாதிரிதான்.

"ஆளுங்களுக்குக் கத்துக்க மனசில்ல" என்பதை நான் நம்புவதில்லை. அந்த வார்த்தையை என்னைப் பற்றியும் சொன்னார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளைத் திட்டமிட்டு நடந்த ஒரு காரியத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதுவும் நம் பள்ளிக்கூடத்து விஷயம்தான். உங்களில் 2007க்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு சேர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். அட்டை எடுத்துப் படித்தீர்களே, செயல்வழிக் கற்றல். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, கற்றல் ஏணியில் நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பார்த்து, அந்தச் சின்னம் போட்ட அட்டையை நீங்களே எடுத்து வருவீர்கள். உங்கள் உயரத்துக்குச் சுவரின் கீழே கரும்பலகை. மேலே கம்பிப் பந்தலில் உங்கள் படங்கள் தொங்கும்.

அதில் கணினி இல்லை, மின்சாரம் இல்லை. அட்டைதானே, இது என்ன தொழில்நுட்பம் என்று கேட்காதீர்கள். வேலை செய்யும் முறையையே மாற்றுகிற எதுவும் தொழில்நுட்பம்தான்.

அது எப்படி வந்தது தெரியுமா? 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த திரு. எம். பி. விஜயகுமார் அதைத் தொடங்கினார். எடுத்தவுடனே எல்லாப் பள்ளிக்கும் உத்தரவு போடவில்லை. 13 பள்ளிகளில் மட்டும் தொடங்கினார். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலி இருக்கிறது அல்லவா, அங்கே கிராமப் பள்ளிகளில் இந்த முறை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. சென்னை ஆசிரியர்களை அங்கே அழைத்துப் போய்க் கண்ணால் பார்க்க வைத்தார்கள். பார்த்து வந்தவர்களே நம் பாடத்துக்குத் தக்கபடி அட்டைகளைத் தயாரித்தார்கள். அட்டையை எழுதியது வகுப்பில் நிற்கிற ஆசிரியர் என்பதால், வகுப்பில் என்ன சிக்கல் வரும் என்பது அட்டையிலேயே தெரிந்தது. பிறகுதான் மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. பிறகு ஒன்றியத்துக்குச் சில பள்ளிகளில் வைத்துப் பார்த்து, 2007-08இல் தமிழ்நாடு முழுக்க, ஏறத்தாழ 37,000 பள்ளிகளுக்கு வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 13 என்கிற எண். 13 பள்ளியில் தப்பு நடந்தால் திருத்தலாம். 37,000 பள்ளியில் தப்பு நடந்தால் அதை மறைக்கத்தான் தோன்றும்.

குறை இல்லையா? இருந்தது. அந்த 13 பள்ளி ஆசிரியர்களுக்கு அது அவர்கள் செய்த அட்டை. எங்களைப் போன்ற ஒன்றியப் பள்ளிக்கு வந்தபோது அது மேலிருந்து வந்த அட்டை. எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சில நாள் பயிற்சியில் எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டோம். ஏன் செய்கிறோம் என்பது பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது. அதற்குள் அட்டைகள் கிழிய ஆரம்பித்துவிட்டன. ஏணியில் ஒரு படியின் அட்டை காணாமல் போனால் அந்தப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். நாங்கள் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டினோம். முதல் வருடம் அட்டைக்குப் பணம் இருக்கும். மூன்றாவது வருடம் கிழிந்த அட்டைக்குப் பணம் எங்கே என்பதையும் தொடங்கும்போதே யோசிக்க வேண்டும்.

பெற்றோர்கள் வேறு வந்து "புஸ்தகமே இல்லாம என்ன படிப்பு டீச்சர்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். பின்னாளில் பாடப்புத்தகத்தோடு இணைத்து அந்த முறையை எளிமையாக்கினார்கள். தொடங்கியதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்காமல் மாற்றிக்கொண்டதும் நல்ல நிர்வாகம்தான்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அந்தப் பாய் எங்கள் பள்ளிக்கு வந்த அன்றே பெஞ்சு வெளியே போனது. புதியது வந்தபோது பழையது இடத்தைக் காலி செய்தது. அதனால் வேறு வழியில்லாமல் பாயில் உட்கார்ந்தோம், பழகினோம்.

இதற்கு நேர் மாறாக நடந்ததையும் சொல்ல வேண்டும். என் பணியின் கடைசி வருடங்களில் மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை வந்தது. நல்ல விஷயம், வேலை குறையும் என்று நினைத்தோம். ஆனால் ஒரு பதிவேடும் குறையவில்லை. அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே விவரத்தை நோட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்றி, அதை அச்செடுத்துக் கோப்பிலும் வைத்தோம். பகலில் இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு நெட் சென்டரில் கைக்காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர் வெளியே ஸ்கூட்டியில் காத்திருப்பார். அந்த நேரத்தில் என் மனதில் தொழில்நுட்பம் பற்றி என்ன எண்ணம் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் முதல் கேள்வி எப்போதும் இதுதான். புதிதாக ஒன்றைக் கொடுக்கிறீர்கள், சரி. அதற்குப் பதில் எதை எடுத்துக்கொள்கிறீர்கள்? எதையும் எடுக்கவில்லை என்றால் நீங்கள் கொடுத்தது கருவி அல்ல, கூடுதல் சுமை.

இது நம் ஊர் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் 8 லட்சத்துக்கும் மேலான கணினிகளைக் கொடுத்தார்கள். 2012இல் வெளியான ஆய்வில் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளைப் பார்த்தார்கள். பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையம் கிடையாது. வகுப்பில் அதை எப்படிப் பாடத்தோடு சேர்ப்பது என்று ஆசிரியர்களுக்குப் போதிய வழிகாட்டலும் இல்லை. பெட்டி போய்ச் சேர்ந்தது. மறுநாள் போய்ச் சேரவில்லை. படித்தபோது என் பூட்டிய அறைதான் ஞாபகம் வந்தது. என்னிடம் மூன்று, அவர்களிடம் எட்டு லட்சம்.

"அப்போ எங்கதான் டீச்சர் சரியா நடந்துச்சு?" என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து, நம் மதுரைக்கே போவோம்.

என் மாமியாருக்கு எண்பதுகளில் கண்புரை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் எடுத்த பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி கழன்றால் பக்கத்தில் நிற்பது மகனா மருமகளா என்று தெரியாது. பிறகு கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அந்த லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவுக்கு இருந்தது. கூலி வேலை செய்கிறவருக்கு எங்கே கிடைக்கும்?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் அந்த லென்ஸைத் தானே தயாரிக்க ஆரம்பித்தது. விலை சுமார் பத்து டாலருக்கு வந்தது, பிறகு இன்னும் குறைந்தது. எல்லோரும் இந்த விலைக் கதையை மட்டும்தான் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் முக்கியம்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கையோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே மருத்துவரின் நேரம்தான் மிக அரிதான பொருள் என்று முதலிலேயே கண்டுகொண்டார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். பார்வை சோதிப்பது, நோயாளியைத் தயார் செய்வது, கருவிகளை எடுத்துத் தருவது, பிறகு கட்டுப் போட்டு அனுப்புவது என்று எத்தனையோ வேலை அந்தப் பெண்கள் கையில். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒரு மேசையில் முடித்துவிட்டு அவர் திரும்பினால் அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் செய்ய வேண்டிய ஒரே வேலையை மட்டும் மருத்துவர் செய்கிறார்.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்க வேறு அறுவை முறை வேண்டும். அதை மருத்துவர்கள் கற்க வேண்டும். லென்ஸைக் கையாள உதவியாளர்கள் கற்க வேண்டும். இவர்கள் தயாராக இல்லாத இடத்தில் விலை குறைந்த லென்ஸ் வந்தாலும் அலமாரியில்தான் இருக்கும். அங்கே ஆட்களும் வேலை முறையும் லென்ஸுக்காகக் காத்திருந்தன. நம்மிடம் பெட்டி ஆட்களுக்காகக் காத்திருக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான்.

இப்போது மில்லுக்கு வருவோம். அவனிடம் நான் அறிவுரை சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். ஆசிரியர் புத்தி.

"அந்த ஃபிட்டர் அண்ணன்மார்கள் கை எப்படி இருக்கும்?" என்றேன். கொஞ்சம் யோசித்தான். "எண்ணெயும் பஞ்சுமா இருக்கும் டீச்சர்." அந்தக் கையால் டேப்லெட்டைத் தொட்டால் எழுத்து ஏறுமா? கையைக் கழுவிவிட்டு வரவேண்டும் என்றால் அதற்குள் அடுத்த மெஷின் நிற்கும்.

"நோட்டில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? டேப்பில் எவ்வளவு நேரம்?" நோட்டில் ஒரு வரி. டேப்பில் ஏழு இடத்தில் தொட வேண்டுமாம். கோளாறின் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில். மில்லில் பேசுகிற பெயர் வேறு.

"டேப்பில் பதிந்தால் அடுத்த நாள் என்ன நடக்கும்?" என்றேன். இந்தக் கேள்விக்கு அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னான். "காலைல மீட்டிங்ல, இந்த மெஷின் ஏன் நாப்பது நிமிஷம் நின்னுச்சு, யாரு ஷிப்ட்னு கேப்பாங்க டீச்சர்."

அதுதான் கண்ணு. அந்த நோட்டில் அவர்கள் நாற்பது நிமிடத்தை இருபது என்று எழுதிக்கொள்ளலாம். டேப்பில் முடியாது. கருவி உண்மையைக் கேட்கிறது. உண்மையைச் சொன்னவனுக்குத் திட்டு கிடைக்கிறது. எனக்கு இருப்புப் பதிவேடு எப்படியோ, அவர்களுக்குக் காலை மீட்டிங் அப்படி. அவர்கள் டேப்பைப் பூட்டி வைக்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி நானும் அவர்களும் ஒன்றுதான்.

கடைசியாகச் சிலவற்றைச் செய்து பார்க்கச் சொன்னேன். உங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அதுவே என் வேண்டுகோள்.

ஒன்று. ஒரு வாரம் அவர்களோடு நில்லுங்கள். குறிப்பாக இரவு ஷிப்டில். பகலில் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். கருவி எங்கே இடிக்கிறது என்று ராத்திரி மூன்று மணிக்குத்தான் தெரியும்.

இரண்டு. எல்லா டிபார்ட்மெண்டையும் விட்டுவிட்டு ஒன்றில் மட்டும் தொடங்குங்கள். அங்கே அதிகம் முணுமுணுக்கிறவர் யாரோ அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முணுமுணுக்கிறவருக்குத்தான் வேலை தெரியும். தலையாட்டுகிறவர் எதையும் சொல்ல மாட்டார்.

மூன்று. நோட்டு நிற்கும் தேதியை அறிவியுங்கள். அந்தத் தேதியில் உண்மையாகவே நோட்டை எடுத்துவிடுங்கள். இரண்டும் இருக்கும்வரை புதியது ஓடாது.

நான்கு. முதல் மூன்று மாதம் அதில் பதிந்த எதையும் வைத்து யாரையும் கேள்வி கேட்க மாட்டோம் என்று நிர்வாகமே சொல்ல வேண்டும். வாய்வார்த்தை போதாது, நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். என்னிடம் அந்த இளம் ஆசிரியர் சொன்னாரே, உடைந்தால் நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று, அந்த ஒரு வாக்கியம்தான் பூட்டைத் திறந்தது. அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மேலிருந்து வந்திருக்க வேண்டும்.

ஐந்து. சார்ஜர் கெட்டால், திரை உடைந்தால் யாரிடம் போக வேண்டும், எந்தப் பணத்தில் வாங்க வேண்டும் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். அடுத்த வருடச் செலவில் அதற்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். பிஸ்கட் அட்டை ஒட்டியவள் சொல்கிறேன்.

ஆறு. எத்தனை பதிவு ஏறியது என்று எண்ணாதீர்கள். மெஷின் நிற்கும் நேரம் குறைந்ததா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் தப்பு ஆளிடமா கருவியிடமா என்று திரும்பப் பாருங்கள். கருவியிடம் என்றால் அதை நிறுத்தவும் தைரியம் வேண்டும். நிறையச் செலவு செய்துவிட்டோம் என்பதற்காக ஒரு கருவியைத் தூக்கிச் சுமக்காதீர்கள்.

"டீச்சர், நிஜமாவே சோம்பேறிங்களும் இருக்காங்களே?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். என் தம்பி மகன் கட்டாயம் கேட்பான். இருக்கிறார்கள். எங்கள் துறையிலும் இருந்தார்கள், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் பயந்து சும்மா இருப்பவரும் சோம்பேறித்தனமாகச் சும்மா இருப்பவரும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். பயத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் சும்மா இருக்கிறவர் யாரோ, அவரைப் பற்றிப் பிறகு பேசலாம். வகுப்பிலும் அப்படித்தான். வாயே திறக்காத பிள்ளையை மக்கு என்று சொல்வதற்கு முன்னால், கேட்டால் அடி விழும் என்று அது பயப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நேற்று மறுபடி பேசினான். ஒரு டிபார்ட்மெண்டில் மட்டும் தொடங்கியிருக்கிறானாம். கோளாறுப் பெயர்களைத் தமிழில், மில்லில் பேசுகிறபடியே மாற்றிவிட்டார்கள். வயதான ஃபிட்டர் ஒருவர், "தம்பி, எழுதறதுக்குப் பதிலா நான் பேசிடறேன், அதுவே பதிஞ்சுக்காதா?" என்று கேட்டாராம். கேட்டிருக்கிறார் பாருங்கள்! ஆறு மாதமாகக் கற்றுக்கொள்ள மனசில்லாதவர். அதற்கு வழி இருக்கிறதா என்று மென்பொருள் கொடுத்தவர்களிடம் கேட்டிருக்கிறான். காலை மீட்டிங்கில் கேள்வி கேட்பதை நிறுத்த நிர்வாகம் இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அது நடக்கவில்லை என்றால் டேப் மறுபடி துணி போட்டு மூடிய கணினி ஆகிவிடும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பார்ப்போம்.

எனக்கு இப்போது 66 வயது. இந்தப் பதிவை நானே போனில் தட்டச்சு செய்தேன். கற்றுக்கொடுத்தவள் என் பேத்தி, ஆறாம் வகுப்பு. தப்பாக அழுத்தினால், "பரவாயில்ல பாட்டி, ஒண்ணும் ஆகாது, திரும்ப அழுத்துங்க" என்பாள். 2006இல் இந்த ஒரு வார்த்தையை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பூட்டை வாங்கியிருக்க மாட்டேன்.

உங்கள் வேலை இடத்தில் எந்தப் பெட்டி வந்து பூட்டிக் கிடக்கிறது, எது நன்றாக ஓடுகிறது என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் போடுகிறேன். கொஞ்சம் நாள் ஆகும், என் வேகம் உங்களுக்குத் தெரியும்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்